வெயில் மயக்கம்

அந்த பேக்கரியில் முட்டை பப்ஸ் சாயங்காலம்தான் சூடாகக் கிடைக்கும், மேடம். மத்தியானம் போனால் காலையில் போட்டதையே திரும்பச் சுடவைத்துத் தருவார்கள். உங்கள் கான்ஸ்டபிள் நேற்று எனக்கு வாங்கி வந்தது அந்த மாதிரி. குறையாகச் சொல்லவில்லை. அடுத்த தடவைக்கு உதவும் என்று சொன்னேன்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். நடுவில் எழுந்து இரண்டு எட்டு நடந்தால் தவறாக நினைக்காதீர்கள். என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சின்ன வயதிலேயே அப்படித்தான். சர்ச்சில் பிரசங்கம் முடிவதற்குள் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய்வருவேன். நான் அசையாமல் இருப்பது கால்பந்து மைதானத்தில் மட்டும்தான்.

என் பெயர் கிங்ஸ்டன். பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்கோ எடுக்கிற டெக்னீசியன். நெஞ்சில் ஜெல் தடவி, கருவியை வைத்து, இதயம் துடிப்பதைத் திரையில் பார்த்து அளப்பது என் வேலை. டாக்டர் சாயங்காலம் வந்து படங்களைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். என் மனைவி கெசியா மஸ்கட்டில் நர்ஸ். அதனால் வேலை முடிந்து வீட்டுக்கு ஓடவேண்டிய அவசரம் எனக்கு இல்லை. மைதானத்துக்கு எதிரே இருக்கிற பேக்கரிக்குத்தான் போவேன்.

அங்கே நாங்கள் மூன்று பேர். குருபிரசாத் செல்போன் கடை வைத்திருக்கிறான். கமர் நிஷா மேலப்பாளையத்துக்காரர், பெண்கள் கல்லூரியில் காமர்ஸ் சொல்லிக்கொடுக்கிறார். வேறு ஆட்களும் வந்து போவார்கள். பேச்சு ஒன்றுதான். இங்கிலாந்தில் எந்த கிளப் யாரை வாங்குகிறது, எந்த மேனேஜரை அனுப்பப் போகிறார்கள், எந்த கிளப் கடனில் மூழ்கப் போகிறது. குருபிரசாத்துக்குத் தன் சொந்த மச்சான் என்ன சம்பளம் வாங்குகிறான் என்று தெரியாது. லண்டனில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கோல்கீப்பரின் வாரச் சம்பளம் தெரியும்.

ஆனால் நாங்கள் உயிரைக் கொடுப்பது அந்த கிளப்புகளுக்காக இல்லை. எங்களுக்கென்று பொருநை ரோவர்ஸ் இருந்தது. மாநில லீக்கில் இரண்டாம் டிவிஷன். கொம்பையா அண்ணாச்சி நடத்துகிறார். முக்கூடல் பக்கம் அரிசி ஆலை வைத்திருப்பவர். கோச் ஹெப்ரான் சார். மிஷன் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கிலாந்து பழக்கத்தில் நாங்கள் அவரை மேனேஜர் என்போம். அவருக்கு அது பிடிக்காது.

போன சீசனின் நடுவில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்துவிட்டோம். அப்படியே முடித்தால் முதல் டிவிஷன். நான் பொருநை ரோவர்ஸ் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து அது நடந்ததில்லை. பேச்சிராஜ் வந்ததால் நடக்க இருந்தது.

பேச்சிராஜை உங்களுக்குப் போட்டோவில்தான் தெரியும். அந்தப் போட்டோ சரியில்லை. அவன் நின்று யாரும் பார்த்ததில்லை. மாஞ்சோலையில் பிறந்தவன். தேயிலைத் தோட்டத்தை விட்டு எல்லோரும் கீழே இறங்கியபோது அவனும் அவன் அம்மா மாரித்தாயும் இறங்கி, டவுனுக்கு வெளியே அடுக்குமாடி வீட்டில் குடியேறினார்கள். சரிவில் ஓடிப் பழகியவனுக்குச் சமதரையில் ஓடுவது ஒன்றுமே இல்லை. ஹெப்ரான் சார் ஆட்டத்தையே அவனை வைத்து மாற்றினார். பந்தை வெட்டி முன்னால் போடு, மற்றதை பேச்சி பார்த்துக்கொள்வான். அவ்வளவுதான் திட்டம். அது போதுமானதாக இருந்தது.

ஆட்டக்காரர்களை வாங்கி விற்கிற டிரான்ஸ்பர் விண்டோ திறந்த வாரத்தில் குருபிரசாத் செய்தி கொண்டுவந்தான்.

"அண்ணாச்சி விக்கப் போறாராம்வே. கொச்சிக்காரன் கேட்டிருக்கான். பேச்சியை."

"வித்தாத்தான் கிளப்பு இருக்கும்," என்றார் கமர் நிஷா. "பயலுவளுக்குச் சம்பளம் குடுத்து ரெண்டு மாசமாவது. ஆலையில வாரத அண்ணாச்சி எத்தன நாளைக்கு இங்கன கொண்டாந்து கொட்டுவாரு?"

"வித்துட்டு யாரை வச்சு கோல் போட? உங்க பேலன்ஸ் ஷீட்டா வந்து போடும்?"

"மேல போனா செலவு இன்னும் கூடும். பஸ் செலவு, லாட்ஜ் செலவு, லைசென்ஸ். யோசிச்சீயளா?"

"மொதல்ல அந்த ஹெப்ரானைத் தூக்கணும். பேச்சி இல்லாட்டா அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது."

இப்படிப் போகும். கடைசியில் இருவரும் என் பக்கம் திரும்புவார்கள். நான் சத்தம் போடாத ஆள். கமர் நிஷா சொல்வதில் இவ்வளவு நியாயம், குருபிரசாத் சொல்வதில் இவ்வளவு நியாயம் என்று பிரித்துக் கொடுப்பேன். அன்றும் அப்படித்தான் செய்தேன். பிறகு வீட்டுக்குப் போகாமல் வண்ணார்பேட்டை வரை நடந்தேன். ஆற்றுப் பாலத்தில் நின்றேன். செல்போனைத் திறந்து மூடினேன். புதிய செய்தி ஒன்றும் இல்லை. பாலத்தின் அந்தக் கோடி வரை போய்த் திரும்ப வந்தேன். ஐந்து ஆட்டம் பாக்கி இருந்தது.

இரண்டு நாள் கழித்து மத்தியான நேரத்தில் பேச்சிராஜே ஸ்கேன் சென்டருக்கு வந்தான். டாக்டர் வர நேரமிருந்தது. என்னைத் தெரியும் அவனுக்கு. பயிற்சி முடிந்து பேக்கரிக்கு வந்தால் நான்தான் டீ சொல்வேன்.

"அண்ணே, திங்கக்கிழமை கொச்சிக்கு வரச் சொல்லியிருக்கானுவ. ரத்தம், ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுப்பானுவளாம். அதுக்கு முன்னால நீங்க ஒருக்கா பாத்துருங்க."

"எதுக்குலே? உனக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. ஓடி நின்னா நெஞ்சு கெடந்து அடிக்கி. போன வாரம் கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. சாப்பிடாமப் போனதுனாலன்னு ஹெப்ரான் சார் சொன்னாரு." சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "எங்க கண்ணன் அண்ணனும் இப்படித்தாம்ண்ணே. தேயிலை மூட்டையோட ஏறயில விழுந்தான். எந்திரிக்கவே இல்ல. காத்துக் கருப்புன்னு அம்மை சொல்லுதா."

படுக்கவைத்து எடுத்தேன்.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். இதயத்தில் இடது அறைக்கும் வலது அறைக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. அது ஒரு சென்டிமீட்டர் கனம் இருந்தால் நல்லது. அவனுக்கு இரண்டுக்கும் மேல். திரும்பத் திரும்ப அளந்தேன். கோணத்தை மாற்றியும் அளந்தேன். சுவர் துடிக்கும்போது ரத்தம் வெளியே போகிற வழியே அடைபட்டது. இப்படிப்பட்ட இதயம் உள்ளவர்கள் படியேறலாம், கல்யாணம் செய்யலாம், பேரன் பேத்தி எடுக்கலாம். ஓடத்தான் கூடாது. குடும்பத்தில் ஒருவர் சின்ன வயதில் விழுந்து செத்திருந்தால் கட்டாயம் ஓடக்கூடாது. பதினேழு வருஷம் இந்த வேலை பார்க்கிறேன். இதற்கு எனக்கு டாக்டர் தேவையில்லை.

அதைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது என்று நேற்றே கேட்டீர்கள். ஐந்து ஆட்டம் பாக்கி இருக்கிறதே என்று தோன்றியது.

"என்னண்ணே?" என்றான்.

"நல்லா இருக்குலே. தொடைச்சிட்டுச் சட்டையைப் போடு."

எழுந்து என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். என் கையில் ஜெல் இருந்தது. அவன் இமையில் ஒட்டிவிட்டது. சிரித்துக்கொண்டே துடைத்தான். அவன் போனபிறகு படத்தை நான் சேமிக்கவில்லை.

இதை நீங்கள் பொய் என்பீர்கள். டெக்னீசியன் முடிவைச் சொல்லக்கூடாது என்பது விதி, மேடம். நோய் இன்னது என்று சொல்கிற அதிகாரம் எனக்குக் கிடையாது. அவன் டாக்டரிடம் வரவில்லை, சீட்டுப் போடவில்லை, தெரிந்த அண்ணனிடம் வந்தான். தெரிந்த அண்ணன் ஆறுதலாக ஒன்று சொன்னேன். விளையாடுகிறவர்களுக்கு இதயச் சுவர் கொஞ்சம் தடிக்கும் என்றும் புத்தகத்தில் இருக்கிறது. அது கொஞ்சம்தான் தடிக்கும் என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது. நான் மேலே உள்ளதை மட்டும் நினைத்துக்கொண்டேன்.

பிறகு வந்த நாட்கள்தான் கஷ்டமான நாட்கள். சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் ஏறினால் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிடுவேன். ஸ்கேன் சென்டரில் ஒரு அம்மாவின் பெயரை இன்னொரு அம்மாவின் படத்தில் அடித்துவிட்டு, டாக்டரிடம் திட்டு வாங்கினேன். திங்கட்கிழமை அவன் கொச்சிக்குப் போனால் அங்கே எக்கோ எடுப்பார்கள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். அவர்களும் அவனை வாங்கமாட்டார்கள், இங்கேயும் விளையாட முடியாது. அண்ணாச்சிக்குப் பணம் வராது, கிளப்புக்கு கோல் வராது, பையனுக்கு வேலை இல்லை. யாருக்கும் லாபமில்லை. அவன் போகாமல் இருந்தால் குறைந்தது ஐந்து ஆட்டம் இருக்கிறது. எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் போகாமல் இருப்பதே நல்லது என்றுதான் வந்தது.

குருபிரசாத்திடம் கொச்சி ஏஜெண்டின் நம்பர் இருந்தது. ஒரு மாதிரி ஆர்வத்தில் எல்லா ஏஜெண்ட் நம்பரும் வைத்திருப்பான். சனிக்கிழமை ஸ்கேன் சென்டர் போனிலிருந்து கூப்பிட்டேன். என் பெயரைச் சொல்லவில்லை. பையனுடைய அண்ணன் எப்படிச் செத்தான் என்று விசாரித்துப் பாருங்கள் என்றேன். எக்கோ பார்த்த ஒருவர் சொல்லுகிறார், இவனுக்கும் அதே இதயம் என்றேன். அவர் அண்ணன் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு நன்றி சொன்னார். நல்ல தமிழ் பேசினார்.

கொச்சிக்காரர்களிடம் நான் சொன்னது முழு உண்மை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாளே அண்ணாச்சிக்குச் செய்தி வந்தது. இந்த வருஷத்து பட்ஜெட் முடிந்துவிட்டதாம். காரணம் சொன்னால் வழக்கு வம்பு வரும் என்று நினைத்திருப்பார்கள். பெரிய கிளப்புகள் அப்படித்தான் நழுவும். நான் அதை எதிர்பார்த்திருந்தேன்.

அன்று சாயங்காலம் குருபிரசாத் பேக்கரிக்கு வந்தவர்களுக்கெல்லாம் பப்ஸ் வாங்கிக்கொடுத்தான். கமர் நிஷா கையில் வாங்கவில்லை.

"ஒரு பையனுக்கு வந்த வாழ்க்கை போயிருக்கு. நீங்க என்னன்னா பப்ஸு திங்கிய."

"அவனுக்கு இங்கன வாழ்க்கை இல்லையோ? முதல் டிவிஷன் போனா இதைவிடப் பெரிய கிளப்பு வரும்," என்றான் குருபிரசாத்.

என்னைப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்றேன்.

பேச்சிராஜ் இரண்டு நாள் பயிற்சிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மூன்றாவது மாடி. மாரித்தாய் கதவைத் திறந்தார். அவன் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு அந்த அம்மா பையப் பேசினார்.

"அவன் போவாததும் ஒரு வகைக்கு நல்லதுதான் தம்பி. அங்கன முகம் தெரியாத ஊருல யாரு பாத்துக்கிடுவா? இங்கன நீங்கல்லாம் இருக்கீய. ஏதும்னா நீங்க பாப்பீயல்லா."

"நான் பாத்துக்கிடுதேம்மா," என்றேன்.

காப்பி கொடுத்தார். அந்த வீட்டில் நான் உட்கார்ந்தே இருந்தேன். அதை நினைத்து எனக்கே ஆச்சரியம். மறுநாள் அவன் பயிற்சிக்கு வந்தான்.

அடுத்த மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயித்தோம், ஒன்று டிரா. எல்லா கோலும் அவன் போட்டவை. நான் ஒவ்வொரு ஆட்டத்தையும் கேலரியில் ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மற்றவர்கள் பந்தைப் பார்த்தார்கள். நான் அவன் நிற்கும்போது பார்த்தேன். முழங்காலில் கையை ஊன்றிக் குனிவான். சில தடவை நெஞ்சைத் தேய்ப்பான். அப்போது என் நெஞ்சும் அடித்துக்கொள்ளும். பிறகு பந்து வரும், ஓடுவான். எனக்குச் சமாதானமாகிவிடும்.

ஹெப்ரான் சாரும் கவனித்திருக்கிறார். நான்காவது ஆட்டத்தில் பேச்சிராஜை வெளியே உட்கார வைத்துவிட்டார். அந்த ஆட்டத்தில் தோற்றோம். கேலரியே எழுந்து நின்று அவரைக் கெட்ட வார்த்தையில் கத்தியது. கடைசி ஆட்டத்தை ஜெயித்தால்தான் மேலே போகலாம் என்ற நிலைமை.

எங்கள் ரசிகர்களுக்கு ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. அதன் அட்மின் நான். அன்று ஒரு கேள்வி மட்டும் போட்டேன். 'நல்லா இருக்கிற ஆளை முக்கியமான ஆட்டத்தில் உட்காரவைத்தால் யாருக்கு லாபம்?' வேறு ஒன்றும் எழுதவில்லை. மிச்சத்தை மற்றவர்கள் எழுதினார்கள். அவர் எதிர் டீமிடம் காசு வாங்கிவிட்டார் என்று எழுதினார்கள். அவர் மகன் புதிதாக பைக் வாங்கியதை ஒருவன் போட்டோ எடுத்துப் போட்டான். குருபிரசாத் 'மேனேஜரே வெளியேறு' என்று பேனரே அடித்துவிட்டான்.

ஹெப்ரான் சார் பேக்கரிக்கு வந்தார். அவர் அங்கே வந்ததே இல்லை. எல்லோரும் எழுந்து தள்ளிப் போனார்கள். நேராக என்னிடம் வந்தார்.

"கிங்ஸ்டன், பையன் உன்கிட்ட எக்கோ பாத்ததாச் சொல்லுதான். நீ நல்லா இருக்குன்னியாம். எனக்கென்னமோ அவன் மூச்சு வாங்குதது சரியாப் படல. நீ மெடிக்கல் ஆளு. கர்த்தருக்குப் பயந்து சொல்லு. எறக்கலாமா?"

"தாராளமா எறக்குங்க சார்," என்றேன். "டிரான்ஸ்பர் போன ஏக்கம்தான் அவனுக்கு. ஆடுனாத்தான் தெளியும்."

என் முகத்தையே பார்த்தார். பிறகு என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவருக்கு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து தெரியும். பொய் சொல்கிற பையன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

கடைசி ஆட்டம் பாளையங்கோட்டையில். வெயில் கண்ணைப் பறித்தது. கேலரியில் கால் வைக்க இடமில்லை. பேனர் பிடித்திருந்தார்கள், பேச்சிராஜ் பெயர் அறிவித்ததும் அதைச் சுருட்டி வைத்தார்கள். கமர் நிஷா என் பக்கத்தில், குருபிரசாத் அந்தப் பக்கம். முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் பேச்சிராஜ் இடது ஓரத்தில் பந்தை எடுத்து இரண்டு பேரைத் தாண்டி உள்ளே வந்து அடித்தான். வலையில் பட்டது தெரிந்தது. அதற்குப் பிறகு எனக்குக் காது கேட்கவில்லை. குருபிரசாத் என் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். கமர் நிஷா அழுதுகொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் விழுந்தான். பந்து அங்கே இல்லை. யாரும் இடிக்கவில்லை. நடு மைதானத்தில் நடந்துகொண்டிருந்தவன் அப்படியே முன்னால் சாய்ந்தான். கையைக்கூட ஊன்றவில்லை. கையை ஊன்றாமல் விழுகிறவன் விழும் முன்பே நினைவை இழந்தவன்.

"கிங்ஸ்டண்ணே, போங்க," என்றார் கமர் நிஷா. "உங்களுக்குத் தெரியும்லா, போய்ப் பாருங்க."

போனேன். கேலரிப் படியில் இறங்கும்போது யோசித்துக்கொண்டே இறங்கினேன். ஓடவில்லை. இரண்டாம் பாதியில் இன்னும் பாதி நேரம் இருந்தது. இதயம் என்று சொன்னால் ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்துவார். மைதானத்தில் வைத்தே நெஞ்சை அழுத்த வேண்டும், ஷாக் கொடுக்க வேண்டும். யாரும் தொடர்ந்து ஆடமாட்டார்கள். நின்றுபோன ஆட்டத்தை வேறொரு நாள் முதலிலிருந்து ஆடச் சொல்வார்கள். அந்த கோல் கணக்கில் வராது. வேறொரு நாளில் எங்களிடம் பேச்சிராஜ் இருக்கமாட்டான். இவ்வளவையும் கடைசிப் படிக்கு வருவதற்குள் முடித்துவிட்டேன். எனக்கு அவ்வளவு தெளிவாக எதுவும் அதற்கு முன்னால் தோன்றியதில்லை.

அவனைச் சுற்றி நின்றார்கள். ஹெப்ரான் சார் மண்டியிட்டு அவன் தலையைத் தூக்கிப் பிடித்திருந்தார். பேச்சிராஜின் வாய் திறந்து திறந்து மூடியது. ஒரு இழுப்பு, பிறகு ஒன்றுமில்லை, பிறகு ஒரு இழுப்பு. தெரியாதவர்கள் அதை மூச்சு என்று நினைப்பார்கள். அது மூச்சு இல்லை. இதயம் நின்ற பிறகும் உடம்பு கொஞ்ச நேரம் அப்படிச் செய்யும்.

வாசலில் நின்ற ஆம்புலன்ஸிலிருந்து ஒரு பையன் ஷாக் கொடுக்கிற பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். எக்கோ டெக்னீசியன் என்று என்னைச் சொல்லிக்கொண்டேன். பேச்சிராஜின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"நாடி இருக்கு," என்றேன். "வெயில் மயக்கம். நெழலுக்குக் கொண்டுபோய் உப்புத் தண்ணி குடுங்க."

நாடி இல்லை, மேடம்.

ஹெப்ரான் சார் "தேங்க் காட்" என்றார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். பையன் பெட்டியைத் திரும்ப வண்டியில் வைத்தான். ரெஃப்ரி என்னைப் பார்த்து ஆடலாமா என்று கேட்டார். தலையாட்டினேன். நான் திரும்ப வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன்.

"என்னாச்சு?" என்றார் கமர் நிஷா.

"வெயில் மயக்கம்."

மிச்ச ஆட்டத்தைத் தடுத்தே ஆடினார்கள். பேச்சிராஜுக்காக ஆடுகிறோம் என்று அந்தப் பயல்கள் பந்துக்குக் குறுக்கே விழுந்தார்கள். அப்படி ஒரு தடுப்பு ஆட்டம் நான் பார்த்ததில்லை. விசில் ஊதியதும் எல்லோரும் மைதானத்துக்குள் இறங்கினார்கள். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை போல் ஓடினார். ஸ்ட்ரெச்சர் போன பக்கத்திலிருந்து ஹெப்ரான் சார் தனியாக நடந்து வருவதை நான் ஒருவன்தான் முதலில் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்து எனக்குத் தெரிந்தது. மற்றவர்களுக்குத் தெரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. அந்தக் கொஞ்ச நேரம் நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

அடக்கத்துக்குப் போனேன். மாரித்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசில நீங்கதானே தம்பி புள்ளையத் தொட்டுப் பாத்தீய," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கமர் நிஷா தள்ளி நின்றிருந்தார். ஆட்கள் குறைந்ததும் பக்கத்தில் வந்தார்.

"நீங்க கையைப் பிடிச்சப்ப நாடி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நெசமாவா?"

"இருந்துச்சும்மா."

அதற்குப் பிறகு அவர் பேக்கரிக்கு வரவில்லை.

போஸ்ட்மார்ட்டத்தில் இதயம் பற்றித் தெரிந்ததும் ஊர் முழுக்க ஹெப்ரான் சாரைத்தான் பேசியது. உட்காரவைத்தபோது ஏன் உட்காரவைத்தார் என்று பேசினவர்களே இறக்கியபோது ஏன் இறக்கினார் என்று பேசினார்கள். அவர் வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது. கிங்ஸ்டன் சொல்லித்தான் இறக்கினேன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்குப் புரியவில்லை. ஒருநாள் மார்க்கெட் பக்கம் என்னைப் பார்த்தார். வழியை மாற்றிக்கொண்டு போய்விட்டார். வேலையை விட்டுவிட்டார். நல்ல கோச் என்று சொல்லமாட்டேன், ஆனால் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

அப்போது நான் உங்களிடம் வரவில்லை. அதைத்தான் நீங்கள் சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள். யாருக்கும் என் மேல் சந்தேகம் இல்லை, எந்தப் படமும் இல்லை, பையனும் இல்லை. பிறகு நானாக ஏன் ஸ்டேஷனுக்கு வந்தேன் என்று கேட்கிறீர்கள். மனசாட்சி என்று எழுத விரும்பினால் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நடந்ததைச் சொல்கிறேன்.

போன வாரம் கொச்சி ஏஜெண்ட் ஒரு பேட்டியில், பையனின் இதயம் பற்றி எங்களுக்கு முன்பே தகவல் வந்தது, திருநெல்வேலியிலிருந்துதான் வந்தது என்று சொல்லிவிட்டார். லீக்காரர்கள் விசாரணை வைத்துவிட்டார்கள். உடம்பு சரியில்லாத ஆளைத் தெரிந்தே இறக்கியதாக கிளப்பின் மேல் முடிவானால், அந்த ஆட்டத்தையே செல்லாது என்பார்களாம். மூன்றாவதாக வந்த டீம் மேலே போய்விடும். குருபிரசாத் போனில் அழுதான். அண்ணாச்சி கிளப்பை மூடிவிடலாமா என்று யோசிக்கிறாராம்.

அதைக் கேட்டபிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. இருக்கவே முடியவில்லை. கட்டிலைச் சுற்றி நடந்தேன், தெருவில் நடந்தேன், கடைசியில் இங்கே வந்து நின்றேன்.

அதனால் இந்த இடத்தைத் தெளிவாக எழுதுங்கள், மேடம். எக்கோ எடுத்தது நான். மறைத்தது நான். கொச்சிக்குப் போன் செய்தது நான். ஹெப்ரான் சாரிடம் பொய் சொன்னது நான். ஷாக் பெட்டியைத் திருப்பி அனுப்பியது நான். நாடி நின்ற கையைப் பிடித்துக்கொண்டு நாடி இருக்கிறது என்று சொல்லி அவனைச் சாகவிட்டது நான். பொருநை ரோவர்ஸுக்கோ, அண்ணாச்சிக்கோ, கோச்சுக்கோ, ஆடிய பயல்களுக்கோ ஒன்றும் தெரியாது. கிளப்பின் மேல் ஒரு குற்றமும் கிடையாது. 'கிளப்' என்ற வார்த்தையையே போட்டு எழுதுங்கள். வெறுமனே 'மற்றவர்கள்' என்று போட்டால் அவர்கள் வேறு மாதிரி அர்த்தம் செய்துகொள்வார்கள்.

பையனை நான் வெறுத்தேனா என்று கேட்டீர்கள். அவனை இந்த ஊரில் என்னைப் போல யாரும் நேசித்திருக்க முடியாது. அவன் இப்போது இருந்திருந்தால் அவனும் இதைத்தான் செய்யச் சொல்லியிருப்பான்.

கையெழுத்து எங்கே போடவேண்டும்? இன்றைக்கே இதன் ஒரு பிரதியை லீக் ஆபீசுக்கு அனுப்ப முடியுமா, மேடம்? முதல் டிவிஷனுக்குப் பெயர் கொடுக்க நாளைதான் கடைசி நாள்.